செய்மதியில் ஒட்டிய கொடி

ஒரு நாடு தனது முதற் செய்மதியை விண்ணிற் செலுத்தும் நாள் அந்நாட்டுப் பத்திரிகைகளுக்கு ஒரு திருநாள். முதற் பக்கத்திற் கொடி பறக்கும். தலைவர்கள் வாழ்த்துரை வழங்குவர். நினைவு முத்திரை வெளிவரும். பாடநூலில் ஒரு வரி கூடும். இன்ன ஆண்டில், இன்னாரின் ஆட்சியில், நாடு விண்வெளி யுகத்தில் அடியெடுத்து வைத்தது என மாணவன் மனனஞ் செய்வான். அச்செய்மதியைச் சுமந்து சென்ற ரொக்கெற் எவருடையது, அது புறப்பட்ட நிலம் எவரிடமிருந்து பெறப்பட்டது, அதனாற் கிட்டிய அறிவு எவர் கையைச் சென்றடைந்தது என்னும் மூன்று வினாக்கள் மட்டும் பாடநூலில் இடம்பெறுவதில்லை. அவற்றையே நாம் இங்கு எழுப்ப விழைகின்றோம்.

இவ்வினாக்களை எழுப்புவோருக்கு இரு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும் என்பதை நாம் அறிவோம். ஒரு சாரார், தேசத்தின் பெருமையிற் குறை காண்பது துரோகம் எனச் சினப்பர். மற்றொரு சாரார், அவருட் பலர் முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர், ‘பசித்தவனுக்குச் செய்மதி எதற்கு? இது முதலாளித்துவத்தின் வாணவேடிக்கை’ என ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுவர். முன்னவர் கொடியைக் கண்டு கருவியைக் காணத் தவறுகின்றனர். பின்னவரோ கொடிமீது கொண்ட வெறுப்பினாற் கருவியையும் வீசியெறிந்து விடுகின்றனர். இவ்விரு நிலைப்பாடுகளும் உழைக்கும் மக்களுக்கு ஒவ்வாதன என்பதே எமது துணிபு. வரலாறே இதற்குச் சான்று பகரட்டும்.

முதலிற் கருவியின் தேவையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். எம்மைப் போர்த்தியிருக்கும் வளிமண்டலம் உயிரினத்தைக் காக்கின்றது. அதே வேளையில் வானியலாளனின் கண்ணை மறைக்கின்றது. விண்பொருள்களிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களும், கழியூதாக் கதிர்களிற் பெரும்பாலானவையும் தரையை வந்தடைவதில்லை. தரையை எட்டும் ஒளியும் காற்றின் அசைவினால் நடுங்கியே வருகின்றது. எனவே தொலைகாட்டியை வளிமண்டலத்துக்கு மேலே கொண்டுசெல்வது ஆடம்பரமன்று. பிரபஞ்சத்தைப் பற்றிய அறிவில் ஒரு பெரும் பகுதியைப் பெறுவதற்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. இதனை அமெரிக்க வானியலாளர் லைமன் ஸ்பிட்சர் 1946ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கையில் விளக்கினார். அவ்வறிக்கை எழுதப்பட்டது அமெரிக்க விமானப் படைக்கென இயங்கிய றாண்ட் ஆய்வுத் திட்டத்துக்காக என்பது மனங்கொளத்தக்கது. விண்வெளித் தொலைகாட்டி பற்றிய சிந்தனை, கருவிலேயே படைத்துறையின் கூரையின்கீழ் ஒண்டியிருக்க நேர்ந்தது.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி ஸ்புட்னிக் விண்ணேறியது. சோசலிச நாடொன்றின் தொழிலாளரும் விஞ்ஞானிகளும் ஈட்டிய அவ்வெற்றியை அடிமை நாடுகளின் மக்கள் தமது வெற்றியாகவே வரவேற்றனர்; அம்மகிழ்ச்சி நியாயமானது. எனினும் அதனைச் சுமந்த ரொக்கெற் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாகவே உருவாக்கப்பட்டது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. விண்வெளி யுகத்தின் வாயிற்கதவை இரு முகாங்களிலும் திறந்தது போர்க்கருவியே. அதன் பின்னர் அக்கதவு எவருக்கு எவ்வாறு திறந்துவிடப்பட்டது என்பதே எமது ஆராய்ச்சிக்குரியது.

பிரித்தானியாவின் முதற் செய்மதி எனப் போற்றப்படும் ஏரியல் 1, 1962ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆந் திகதி ஏவப்பட்டது. சோவியத் ஒன்றியம், ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றுக்கு அடுத்து, செய்மதியை உடைய மூன்றாவது நாடு பிரித்தானியா என அந்நாளிற் பெருமை பேசப்பட்டது. உண்மை யாது? செய்மதியைக் கட்டியது அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா; ஏவியது தோர்-டெல்ரா என்னும் அமெரிக்க ரொக்கெற். சூரியனின் எக்ஸ் கதிர்களையும், அண்டக் கதிர்களையும், அயன மண்டலத்தையும் அளக்கும் கருவிகளே பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பங்களிப்பு. அறிவுக்கு அறிவு என்னும் அளவில் இக்கூட்டுறவை நாம் குறை கூறவில்லை. அதற்கு அடுத்து நிகழ்ந்ததைத்தான் எவரும் பாடநூலில் எழுதுவதில்லை.

அவ்வாண்டு யூலை 9ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா, பசிபிக் சமுத்திரத்திலுள்ள யோன்ஸ்ரன் தீவுக்கு மேலே, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், 1.4 மெகாதொன் வலுவுள்ள அணுக்குண்டொன்றை வெடிக்கச் செய்தது. ‘ஸ்ராபிஷ் பிறைம்’ என்பது அச்சோதனையின் பெயர். வெடிப்பினாற் பிறந்த இலத்திரன்கள் பூமியின் காந்தப் புலத்திற் சிக்கிக் கதிர்வீச்சுப் பட்டையாகச் சூழ்ந்துகொண்டன. ஏரியலின் சூரியக் கலங்கள் பழுதடைந்தன. பிறந்து மூன்று திங்களும் நிறையாத அச்செய்மதி, விட்டு விட்டே இயங்கும் நோயாளியாயிற்று. குண்டைச் சுமந்து சென்றதும் தோர் இன ஏவுகணையே. ஒரே பட்டறையிற் பிறந்த இரு ஊர்திகளில் ஒன்று கருவியை ஏற்றியது. மற்றொன்று அக்கருவியைச் சாகடிக்கும் நஞ்சை ஏற்றியது. அதே தோர் ஏவுகணைகள் அந்நாளிற் பிரித்தானிய மண்ணிலும் அணுக்குண்டு தாங்கிச் சோவியத் ஒன்றியத்தைக் குறிபார்த்து நின்றன. தன் செய்மதியைக் குருடாக்கிய நட்பு நாட்டின் குண்டுகளுக்குத் தன் வயல்வெளிகளிலேயே இடங்கொடுத்திருந்த அரசின் ‘தேசியப் பெருமை’யை என்னவென்பது? சோவியத் ஒன்றியமும் அவ்வாண்டின் இறுதியில் உயர் வானிற் குண்டு வெடித்தமை இப்பழியைக் கூட்டுகின்றதேயன்றிக் குறைக்கவில்லை. 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் விண்வெளியில் அணுவெடிப்பைத் தடைசெய்யும் உடன்படிக்கை கைச்சாத்தானது. உலகெங்கும் எழுந்த மக்களின் சமாதானக் குரலுக்கு அதிற் பெரும்பங்குண்டு.

பிறர் ரொக்கெற்றை நம்பியதால் வந்த கேடு இது, சொந்த ரொக்கெற் இருப்பின் சுதந்திரம் கிட்டும் எனச் சிலர் வாதிப்பர். அவ்வாறாயிற் பிரான்சைப் பார்ப்போம். 1965ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, தனது டியமோன் ரொக்கெற்றினால் அஸ்ரெரிக்ஸ் என்னும் செய்மதியைப் பிரான்சு விண்ணிற் செலுத்தியது. உரோமப் பேரரசின் ஆக்கிரமிப்புக்கு அடிபணியாத சிற்றூர் வீரன் ஒருவன் பிரெஞ்சுச் சித்திரக் கதையில் வருகின்றான். அவன் பெயரே செய்மதிக்கு வைக்கப்பட்டது. அச்செய்மதி புறப்பட்ட இடமோ அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்திலுள்ள ஹமாகீர். எட்டாண்டு விடுதலைப் போரில் இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்து 1962இற் சுதந்திரம் பெற்ற அம்மக்கள்மீது, சகாராத் தளங்களை மேலும் ஐந்தாண்டுகள் பிரான்சு வைத்திருக்கலாம் என்னும் நிபந்தனை எவியன் ஒப்பந்தத்தின் மூலம் சுமத்தப்பட்டிருந்தது. ஆக்கிரமிப்பை எதிர்த்த வீரனின் பெயரைச் சூடிய செய்மதி, ஆக்கிரமிப்பின் எச்சமான தளத்திலிருந்தே எழுந்தது! அதன் ரொக்கெற்றும் ஏவுகணைத் திட்டத்தின் வழித்தோன்றலே. செய்மதியின் அலைவாங்கி பழுதுற்றமையால் அதன் குரல் விரைவில் அடங்கிப் போயிற்று. 1967இல் ஹமாகீரைக் கைவிட்ட பிரான்சு, தென் அமெரிக்காவிலுள்ள தனது ஆட்சிப்புலமாகிய கயானாவின் கூறூவுக்குத் தளத்தை மாற்றிக்கொண்டது.

பிரித்தானியா தன் சொந்த ரொக்கெற்றில் ஏவிய ஒரேயொரு செய்மதியாகிய புரொஸ்பெரோவும், 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி, இங்கிலாந்திலிருந்து புறப்படவில்லை. அவுஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்தே புறப்பட்டது. அங்கு பரந்து கிடக்கும் தடைசெய்யப்பட்ட பிரதேசம் தொல்குடி மக்களின் மூதாதையர் நிலம். ரொக்கெற் விழும் வழியில் வெறும் பாலைவனமே உண்டு என வரைபடத்திற் குறித்தவர்களுக்கு அங்கு வாழ்ந்த மனிதர் கண்ணிற்படவில்லை போலும். செய்மதி ஏவப்படுவதற்கு முன்னரே அத்திட்டத்தை அரசு இரத்துச் செய்துவிட்டமை இக்கதையின் பிற்சேர்க்கை.

இனிக் கென்யாவுக்கு வருவோம். எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே ஏவப்பட்ட முதலாவது செய்மதி, 1970ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி கென்யாவின் கரைக்கு அப்பாற் கடலில் நிறுத்தப்பட்ட சான் மார்க்கோ மேடையிலிருந்து விண்ணேறியது. மேடை இத்தாலியருடையது, செய்மதியும் ரொக்கெற்றும் அமெரிக்கருடையவை. மத்தியகோட்டருகே ஏவினாற் பூமியின் சுழற்சி கூடுதல் வேகத்தைத் தரும். கதிர்வீச்சுப் பட்டைகளின் தொல்லையும் குறையும். அந்நாள் கென்யா சுதந்திரமடைந்த ஏழாவது ஆண்டு நிறைவு நாளாதலின், செய்மதிக்கு ‘உகுரு’ எனப் பெயரிடப்பட்டது. சுவாகிலி மொழியில் அதன் பொருள் விடுதலை. அதன் விஞ்ஞானப் பயன் மகத்தானது. அதன் இறுதிப் பட்டியலில் 339 எக்ஸ் கதிர் மூலங்கள் இடம்பெற்றன. கருந்துளை என்னும் கருத்தை ஏட்டிலிருந்து வானத்துக்குக் கொண்டுசென்ற சிக்னசு எக்ஸ்-1 பற்றிய ஆய்வுக்கு அது வலுவூட்டியது. அதன் ஆய்வுக்குழுத் தலைவர் றிக்கார்டோ ஜக்கோனிக்கு 2002இல் நொபெல் பரிசு கிடைத்தது.

கென்யாவுக்குக் கிடைத்தது யாது? பெயர். அம்மேடையிலிருந்து பின்னரும் பல வானியற் செய்மதிகள் புறப்பட்டன. பிரித்தானியாவின் ஏரியல் 5உம் 1974இல் அங்கிருந்தே சென்றது. கென்யாவின் முதலாவது செயற்பாட்டுப் புவிநோக்குச் செய்மதி 2023ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் ஏவப்பட்டபோதோ, அது அமெரிக்கத் தனியார் கம்பனியொன்றின் ரொக்கெற்றிற் கலிபோர்ணியாவிலிருந்தே புறப்பட வேண்டியிருந்தது. அதன் பெயர் ‘தைபா 1’. தேசம் என்பது பொருள். அரை நூற்றாண்டுக்கு முன் தன் கடலிலிருந்து ‘விடுதலை’யைப் பிறருக்காக அனுப்பிய நாடு, தன் ‘தேசத்தை’ அனுப்பப் பிறர் கரைக்குச் செல்ல நேர்ந்தது. கொடியும் பெயரும் கொடுத்துக் கருவியையும் திறமையையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் இம்முறைக்கு நவகாலனித்துவம் என்பதே பொருத்தமான பெயர்.

அங்ஙனமாயின் வறிய நாடுகள் இத்துறையை விட்டொழிப்பதே மேல் எனக் கூறுவோருக்கு இந்தியாவின் அனுபவத்தைச் சுட்டுவோம். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி கேரளத்தின் தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து எழுந்த ஆய்வு ரொக்கெற் அமெரிக்கத் தயாரிப்பு. மரிய மதலேனாள் தேவாலயம் வேலைத்தலமாகியது. காந்த மத்தியகோடு அவ்வூரின்மீது செல்கின்றமையால், மீனவக் குடும்பங்கள் தம் ஊரையும் கோயிலையும் விட்டுக்கொடுத்தன. இந்திய விண்வெளி வரலாற்றின் முதற் கொடையாளர் எந்தப் பெருமுதலாளியுமல்லர், அம்மீனவரே. 1975ஆம் ஆண்டு ஏப்ரில் 19ஆந் திகதி, 360 கிலோகிராம் நிறையுள்ள ஆரியபட்டா சோவியத் ஒன்றியத்தின் கபூஸ்தின் யாரிலிருந்து ஏவப்பட்டது. அதிலிருந்த எக்ஸ் கதிர் வானியற் கருவி உள்ளிட்ட பரிசோதனைகள், மின்வழங்கலிற் பழுது ஏற்பட்டமையாற் சில நாள்களிலேயே நின்றுபோயின. ஏளனம் செய்தோர் பலர். எனினும் ஏரியலைப் போல் அது பிறர் கட்டிய செய்மதி அன்று. பெங்களூர்ப் பீனியாவின் தொழிற்கொட்டகைகளில் இந்திய இளைஞர் தம் கையாற் கட்டியது. ரொக்கெற் இரவல், கைத்திறன் இரவலன்று. 1980இல் அந்நாடு தன் ரொக்கெற்றினாலேயே செய்மதி ஏவியது. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில் அஸ்ரோசற் என்னும் விண்வெளி ஆய்வகத்தை எக்ஸ் கதிர், கழியூதாத் தொலைகாட்டிகளுடன் நிறுவியது. 1975இல் அணைந்த விளக்கு நாற்பதாண்டுகளின் பின் மீண்டும் ஏற்றப்பட்டது.

இங்கும் மயக்கம் வேண்டா. 1980இன் ரொக்கெற்றிலிருந்து பெறப்பட்ட முதற்கட்டம் 1989இல் அக்கினி ஏவுகணைக்குப் பயன்பட்டது. 1975 ஓகஸ்ட் தொடக்கம் ஓராண்டு காலம், அமெரிக்கச் செய்மதியொன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி வழங்கப்பட்டது. உழவுக்கும் சுகாதாரத்துக்கும் பயன்பட்ட அரிய முயற்சி அது. ஆனால் அவ்வாண்டு யூன் மாதத்திலேயே நெருக்கடிநிலை பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. எதிர்க்கட்சியினர் சிறையிலும், பத்திரிகைகள் தணிக்கையிலும் இருந்தன. வானத்திலிருந்து கிராமத்துக்கு வரும் குரல் எவருடைய குரல் என்னும் வினா, செய்மதி தேசியமயமானதும் மறைந்துவிடுவதில்லை.

செல்வந்த நாட்டிலேனும் விஞ்ஞானம் தன் கால்களில் நிற்கின்றதா? ஹபிள் தொலைகாட்டியின் வரலாறு இதற்கு விடை கூறும். முதலில் 3 மீற்றர் எனத் திட்டமிடப்பட்ட அதன் ஆடி 2.4 மீற்றராகக் குறைக்கப்பட்டது. செலவைக் குறைப்பதும், உளவுச் செய்மதிகளுக்கென வளர்ந்திருந்த உற்பத்தி முறைகளைப் பயன்படுத்துவதும் அதற்குரிய காரணங்கள். 1990ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆந் திகதி விண்ணோடத்தில் ஏறிச் சென்ற அக்கருவி மங்கலான படங்களையே அனுப்பியது. ஆடியின் விளிம்பு, மில்லிமீற்றரின் 450இல் ஒரு பங்களவு தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஆடியைச் சோதித்த கருவியிலேயே 1.3 மில்லிமீற்றர் பிழை. அதனைக் காட்டிக்கொடுத்த வேறு சோதனைகளின் முடிவுகள் ஒதுக்கப்பட்டன. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர் சென்று திருத்தும்வரை உலகின் வானியலாளர் மூன்றாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தனர்.

2012ஆம் ஆண்டிலோ ஒரு வியப்பான செய்தி வெளிவந்தது. அமெரிக்க உளவுச் செய்மதித் திணைக்களம், தனக்கு வேண்டாத இரு தொலைகாட்டிகளை நாசாவுக்கு அன்பளிப்புச் செய்தது. இரண்டினதும் ஆடி 2.4 மீற்றர். வானத்தைப் பார்க்க ஒரேயொரு ஹபிளுக்காக விஞ்ஞானிகள் காங்கிரசின் வாசலிற் பல்லாண்டு நின்றனர். பூமியை வேவு பார்க்க அமைத்தவற்றில் இரண்டு களஞ்சியத்திற் பயனற்றுக் கிடந்தன. அவற்றுள் ஒன்றே நான்சி கிறேஸ் றோமன் தொலைகாட்டிக்கு அடிப்படையாயிற்று. போர்ப் பொருளாதாரத்தின் மேசையிலிருந்து சிந்தும் பருக்கைகளே விஞ்ஞானத்தின் உணவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. பசித்தவன் சோற்றைப் பறிப்பது தொலைகாட்டியன்று. தொலைகாட்டியின் சோற்றையும் சேர்த்துப் பறிப்பவன் எவன் என்பதை நம் தோழர்கள் கண்டுகொள்ள வேண்டும்.

வேறு வழி உண்டா? உண்டு. 1978ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி ஏவப்பட்ட சருவதேசக் கழியூதா ஆய்வுச் செய்மதியை நாசாவும், ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும், பிரித்தானிய ஆய்வுக் கழகமும் கூட்டாக நடத்தின. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் அதன் நிலையங்கள் இருந்தன. எந்நாட்டு வானியலாளரும் தக்க ஆய்வுத் திட்டத்துடன் விண்ணப்பித்து நேரம் பெறலாம்; பெற்ற தரவுகள் குறித்த காலத்தின் பின் எல்லோருக்கும் பொதுவாயின. 1996வரை அது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகளைப் பதிவு செய்தது. அதன் ஆடி 45 சதமமீற்றர் மட்டுமே. மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்துக்கு யப்பான் அன்பளிப்புச் செய்த தொலைகாட்டியின் விட்டமும் அதுவே! உலக அறிவுக்கு வாயில் திறப்பது ஆடியின் அளவைக் காட்டிலும், அதனைப் பொதுவுடைமையாக ஆளும் முறையே.

எம் நாட்டைப் பற்றியும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி, சருவதேச விண்வெளி நிலையத்திலிருந்து ‘இராவணா 1’ சுற்றுவட்டத்தில் விடப்பட்டது. பக்கம் 10 சதமமீற்றர் அளவான அச்சிறு கனசதுரத்தை, யப்பானின் கியூசு தொழில்நுட்ப நிறுவகத்தில், நேபாளத் தோழர்களுடன் ஒரே திட்டத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கினர். அவர்தம் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆயின் பத்திரிகைகளிற் பேசப்பட்டது என்ன? பழம் மன்னன் விமானமேறிய கதை! அவ்விளைஞர் கற்ற வித்தை எந்தப் பாடசாலைக்கு வந்தது, அடுத்த செய்மதியைக் கட்டும் ஆய்வுகூடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? புராணத்தைப் புகழ்ந்து பௌதிக ஆய்வுகூடத்தைப் பூட்டி வைக்கும் போக்கு, எந்த இனத்தின் பெயரால் நிகழினும், பிற்போக்கே.

விண்வெளி ஆய்வு மனிதகுலம் முழுவதற்கும் உரிய கருமம் என்றும், எந்நாடும் அதன்மீது இறைமை கொண்டாடலாகாது என்றும் 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை விதித்தது. தனியார் கம்பனிகள் ஆயிரக்கணக்கான செய்மதிகளால் அவ்வானத்தை நிரப்பும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். 2002 முதல் 2021 வரை ஹபிள் எடுத்த படங்களை ஆராய்ந்தோர், அவற்றில் நூற்றுக்கு 2.7 படங்களிற் செய்மதிக் கோடுகள் குறுக்கிட்டுள்ளமையைக் கண்டனர். 2019இன் பின் கம்பனிச் செய்மதிகள் பெருகிய வேகத்தை நோக்கின், இது தொடக்கமே. கொடியினால் மறைந்திருந்த உடைமை உரிமை, இப்பொழுது கொடியும் இன்றி வெளிப்படையாகவே வானத்திற் கோடு கிழிக்கின்றது.

ஆதலின் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்ய வேண்டியது தெளிவானது. செய்மதி ஏவும் ஒவ்வொரு ஒப்பந்தமும் செலவும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டுமெனக் கோருவோம். பொதுப் பணத்தாற் பெறப்படும் தரவு பொதுமக்களுக்கே உரியதெனக் கோருவோம். ஹபிளின் படங்களும் பதிவுகளும் இன்று எவரும் பயன்படுத்தக் கூடியனவாய்த் திறந்து கிடக்கின்றன; அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். அடுத்த முறை ‘நமது செய்மதி’ எனப் பத்திரிகை முழங்கும்போது, எவர் ஊர்தி, எவர் நிலம், எவர் அறிவு என்னும் மூன்று வினாக்களையும் மாணவன் எழுந்து கேட்கட்டும். அவற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட அரசை உருவாக்குவது எம் எல்லோரதும் பணி.